ஸ்னோகுவால்மி சுரங்கப்பாதை வழியே சைக்கிளில் ஜியோகேஷிங்: பன்னிரண்டு வயது மகனுடன் போகலாமா?

கேட்டவர்: கயல்_சமாமிஷ்

அனைவருக்கும் வணக்கம்.

நாங்கள் சியாட்டிலுக்குக் கிழக்கே சமாமிஷில் வசிக்கிறோம். சென்ற ஆண்டு என் மகனின் பள்ளித் தோழன் ஒருவன் வழியாக ஜியோகேஷிங் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. ஒருவர் ஒளித்துவைத்து, அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் அறிவித்துவிட்டுப் போகும் பெட்டியை மற்றவர்கள் ஜிபிஎஸ் துணையுடன் தேடிக் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் ஏட்டில் பெயர் எழுதி, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு வரும் விளையாட்டு இது என்பது இங்குள்ள பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்கும். (அந்தப் பெட்டிக்குக் "கேஷ்" என்று பெயர். "கேஷ் தேடப் போகிறோம்" என்று மதுரைக்குத் தொலைபேசியில் சொன்னபோது என் மாமியார் அதை ரூபாய் நோட்டு என்றே நினைத்துக்கொண்டார். இன்றுவரை எவ்வளவு கிடைத்தது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.)

இதுவரை நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலான பெட்டிகளைக் கண்டுபிடித்திருக்கிறோம். எல்லாமே பூங்காக்களிலும் நூலக வாசல்களிலும் நடந்து போய் எடுத்தவை. இப்போது இருவருக்கும் மலைச்சைக்கிள் வாங்கியிருக்கிறோம். ஜூலையில் ஒரு சனிக்கிழமை ரேட்டில்ஸ்நேக் ஏரியிலிருந்து பழைய ரயில் பாதை வழியாகக் காட்டுக்குள் ஏறி, ஸ்னோகுவால்மி சுரங்கத்தைக் கடந்து ஹையாக் வரை போய், வந்த வழியே திரும்ப வேண்டும் என்பது எங்கள் திட்டம். வரைபடத்தில் அந்தப் பாதை நெடுகிலும் பெட்டிகள் தெரிகின்றன. முடிந்தவரை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும் என்று மகன் பட்டியலே போட்டு வைத்திருக்கிறான்.

என் ஐயங்கள் மூன்று. ஒரே நாளில் இது நடக்கிற காரியமா? அடுத்தது, போன வாரம் அடர்ந்த மரங்களுக்கிடையே ஒரு பெட்டியை நாற்பது நிமிடங்கள் தேடியும் கிடைக்கவில்லை. கைபேசியின் அம்புக்குறி ஒருமுறை வடக்கே காட்டியது, மறுமுறை தெற்கே காட்டியது. இதற்கு ஏதாவது வழி உண்டா? மூன்றாவது, மலைச்சிங்கம் (கூகர் என்கிற பெரிய காட்டுப்பூனை). செய்தியில் பார்த்ததிலிருந்து வீட்டில் இதைப் பற்றித்தான் பேச்சு.

பதில்: செடார்_நிழல்

வணக்கம் சகோதரி. உங்கள் மகனின் பட்டியலைப் பாதிக்குமேல் கிழித்துவிடச் சொல்ல வேண்டியிருப்பதற்கு முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

ரேட்டில்ஸ்நேக் ஏரிக்கரையிலிருந்து ஹையாக் வரை ஒரு வழித் தூரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர் வரும். ரயில் ஏறுவதற்காக வெட்டிய பாதை என்பதால் ஏற்றம் மிகவும் மென்மையானது. நூறு மீட்டருக்கு இரண்டு மீட்டர்கூட உயராது. ஆனால் அந்த மென்மைதான் புதியவர்களை ஏமாற்றுகிறது. ஏறுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது, கால்களுக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருக்கும், முடிவில் பார்த்தால் ஏறக்குறைய 500 மீட்டர் உயரம் ஏறியிருப்போம். போய்வர 70 கிலோமீட்டர் என்பது பழகியவருக்கு ஒரு நல்ல நாள். பன்னிரண்டு வயதுப் பையனுக்கு அது தண்டனையாகிவிடும்.

இதோடு பெட்டிகளையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். சைக்கிளிலிருந்து இறங்கி, அதைப் பாதையின் ஓரத்தில் யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் சாய்த்துவைத்து, கையுறையைக் கழற்றி, தேடி, எழுதி, மூடி, திரும்ப வைத்து, மீண்டும் ஏறிப் புறப்பட எவ்வளவு அவசரப்பட்டாலும் பத்து நிமிடங்கள் ஆகிவிடும். இருபது பெட்டிகள் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் நின்றே கழியும். அதைவிட முக்கியமானது, ஏற்றத்தில் உடம்பு சூடேறி ஒரு சீரான மிதிக்கு வந்த பிறகு அரைக் கிலோமீட்டருக்கு ஒருமுறை நின்றால் ஓட்டமும் போய்விடும், தேடலும் எரிச்சலாகிவிடும். எனவே பாதையை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்தப் பாதையில் நீங்கள் எப்படியும் மூச்சு வாங்க நிற்கக்கூடிய இடங்களில், பாலத்தருகே, அருவியருகே, சுரங்க வாயிலருகே இருக்கும் ஐந்தாறு பெட்டிகளை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை இதுதான். நேரே ஹையாக்குக்குக் காரில் போய்விடுங்கள். அங்கே நிறுத்துவதற்கு மாநிலத்தின் டிஸ்கவர் பாஸ் என்கிற வாகன அனுமதிச் சீட்டு வேண்டும். வாகன நிறுத்தத்திலிருந்து சுரங்கத்தின் கிழக்கு வாயில் மிக அருகில் இருக்கிறது. மில்வாக்கி ரயில் நிறுவனம் 1914-இல் கட்டி முடித்து அடுத்த ஆண்டு ரயில் விடத் தொடங்கிய சுரங்கம் அது. நீளம் 3.6 கிலோமீட்டர். 1980-இல் அந்தத் தடம் கைவிடப்பட்டது, இன்று அது மாநிலப் பூங்காவின் பாதை. உள்ளே விளக்கு கிடையாது. கோடை நண்பகலிலும் பற்கள் தந்தியடிக்கும் அளவுக்குக் குளிரும், கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும். ஆளுக்கொரு நல்ல முன்விளக்கு, ஒரு சிவப்புப் பின்விளக்கு, மழைச்சட்டை ஆகிய மூன்றும் இல்லாமல் நுழையாதீர்கள். பனிக்கட்டிகள் தொங்கி விழும் என்பதால் வழக்கமாக நவம்பர் தொடங்கி ஏப்ரல் முடியக் கதவை மூடிவிடுவார்கள். ஜூலையில் அந்தக் கவலை இல்லை.

மேற்கு வாயிலைத் தாண்டிச் சிறிது தூரத்தில், பாதையிலிருந்து விலகி மலைச்சரிவில் நடந்து ஏறிப் போனால் இந்த விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற பெட்டிகளில் ஒன்று இருக்கிறது. 2001-இல் ஒரு திரைப்படத்தின் விளம்பரத்துக்காக உலகின் பல இடங்களில் ஒளித்துவைக்கப்பட்ட பெட்டிகளில் எஞ்சியிருப்பவை இரண்டே. ஒன்று பிரேசிலில் இருக்கிறது, மற்றொன்று இது. 2011-இல் இந்தப் பெட்டி திருடுபோய்ப் பதிவே மூடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்துத்தான் மீண்டும் உயிர்பெற்றது. ராணுவத்தார் தோட்டாக்களை வைக்கும் இரும்புப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள், கைக்கு அடக்கமான டப்பாவைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். சைக்கிளைக் கீழே பூட்டி வைத்துவிட்டு நடந்தே ஏறுங்கள். அந்தச் சரிவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன், ஏன் என்றுதான் புரிந்ததில்லை.

சுரங்கத்தைக் கடந்து, அந்த ஒரு பெட்டியை எடுத்து, மேற்கே இன்னும் சில கிலோமீட்டர் போய் உயரமான பழைய ரயில் பாலம் ஒன்றில் கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் நாள் நிறைவாக இருக்கும். உங்கள் கணவர் காரை ஏரிக்கரைக்குக் கொண்டுவந்துவிடுவார் என்றால் இன்னும் நல்லது. ஹையாக்கிலிருந்து ஏரிவரை முழுவதும் இறக்கம்தான். பையனுக்கு 35 கிலோமீட்டர் ஓட்டினோம் என்ற பெருமையும் கிடைக்கும்.

பதில்: நிலக்கோடு

அம்புக்குறி அலைபாய்வது பற்றி மட்டும் எழுதுகிறேன். நில அளவைதான் என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் நீட்டி முழக்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் அலையில் அமெரிக்க அரசே வேண்டுமென்று பிழையைக் கலந்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை தவறாகக் காட்டும். அதை நிறுத்திய கையோடு, மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் பீவர்கிரீக் அருகே காட்டில் ஒரு வாளியை வைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். இந்த விளையாட்டு அங்கேதான் பிறந்தது. அந்த வாளியில் இருந்த பொருள்களில் ஒரு அவரைப் பருப்பு டின்னும் உண்டு. உங்கள் மகனுக்குச் சொல்லுங்கள், சிரிப்பான்.

அரசு கலந்த பிழை போய்விட்டாலும் காடு கலக்கும் பிழை அப்படியேதான் இருக்கிறது. டக்ளஸ் ஃபர், ஹெம்லாக், செடார் என்று அறுபது மீட்டர் உயர மரங்கள் நிற்கும் இடத்தில் செயற்கைக்கோளின் அலை நேராக வந்து சேர்வதில்லை. ஈரமான இலைகளில் வலுவிழந்தும், பாறையிலும் அடிமரத்திலும் பட்டுத் திரும்பியும் வருகிறது. திரும்பி வந்த அலை கூடுதல் தூரம் பயணம் செய்திருப்பதால், கருவி உங்களை இருக்கும் இடத்துக்குப் பதிலாக வேறோர் இடத்தில் நிறுத்திவிடுகிறது. நீங்கள் ஒரு பக்கம் பத்து மீட்டர் தவறினால், பெட்டியை வைத்தவரும் அதே மரங்களுக்கடியில் நின்று அளந்தபோது மறுபக்கம் பத்து மீட்டர் தவறியிருக்கலாம். இரண்டும் சேர்ந்தால் ஒரு வீட்டு மனை அளவுக்கு வட்டம் விரிந்துவிடும்.

ஆகவே பத்துப் பதினைந்து மீட்டர் தூரத்துக்கு வந்ததும் கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிடுங்கள். அதற்குப் பிறகும் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டிருப்பது கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிற கதைதான். நின்ற இடத்திலிருந்து, "நான் ஒரு பெட்டியை இங்கே ஒளித்து வைப்பதென்றால் எங்கே வைப்பேன்?" என்று சுற்றிப் பாருங்கள். இந்தக் காடுகளில் விடை பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: விழுந்து கிடக்கும் அடிமரத்தின் அடிப்புறம், நூறு ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட பெருமரத்தின் கட்டையில் உள்ள பொந்து, வாள் போன்ற இலையுள்ள பெரணிப் புதரின் வேரடி. இயற்கையாக விழுந்த குச்சிகள் தாறுமாறாகத்தான் கிடக்கும். நாலைந்து குச்சிகள் ஒரே திசையில் அடுக்கியதுபோல் கிடந்தால் அது மனிதக் கை வேலை.

பெட்டி வைத்தவர் எழுதியிருக்கும் துப்பையும் வீட்டிலேயே படித்துவிடுங்கள். எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளி எழுதும் எளிய மறைகுறியீட்டில் அது இருக்கும், செயலியில் ஒரு முறை தொட்டால் வெளிப்பட்டுவிடும். துப்பைப் படிப்பது அழுகுணி ஆட்டம் என்று நினைப்பவர்கள் உண்டு. மழை வரப்போகும் நேரத்தில், பசித்திருக்கும் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு அந்தக் கொள்கையைக் கடைப்பிடிக்க என்னால் முடிவதில்லை.

இன்னொன்று, சைக்கிளின் கைப்பிடியில் தனி ஜிபிஎஸ் கருவியைப் பொருத்தி அதில் இலக்கங்களைக் கையால் தட்டுகிறவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஜியோகேஷிங் தளம் பாகையும் (டிகிரி) தசமக் கலையுமாக (மினிட்), உதாரணத்துக்கு 47° 30.250′ என்று தருகிறது. அதை 47.30250° என்று பதித்துவிட்டால் நீங்கள் போய்ச் சேரும் இடம் சரியான இடத்துக்கு ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தெற்கே இருக்கும். சரியாகப் பதித்தால் கடைசி இலக்கம் ஒன்று மாறுவது வடக்குத் தெற்கில் இரண்டு மீட்டருக்கும் குறைவு. இந்த அட்சரேகையில் கிழக்கு மேற்கில் அது இன்னும் குறைந்து ஒன்றேகால் மீட்டர் அளவுதான்.

சுரங்கத்துக்குள் ஜிபிஎஸ் வேலை செய்யாது என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் வெளியே வந்ததும் உடனே சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள். திறந்த வெளியில் ஓரிரு நிமிடங்கள் நின்று, கருவி மீண்டும் வானத்தைப் பிடித்த பிறகு நகருங்கள். அந்த மலைப்பகுதியில் கைபேசித் தொடர்பையும் நம்ப முடியாது. பெட்டிகளின் விவரத்தையும் வரைபடத்தையும் முன்னிரவே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: பின்சக்கரம்

செடார்_நிழல் அண்ணன் சொன்ன பாதை அழகானது, மறுக்கவில்லை. ஆனால் மலைச்சைக்கிள் வாங்கிவிட்டு ரயில் பாதையில் ஓட்டுவது யானை வாங்கித் திருவிழா முடிந்ததும் கொட்டிலில் கட்டி வைப்பதற்குச் சமம். அந்தச் சரளைப் பாதைக்குச் சாதாரண சைக்கிளே போதும். காட்டுக்குள் ஒற்றையடிப் பாதையில் வேரையும் கல்லையும் தாண்டி ஓட்டினால்தான் கயல் அக்காவுக்கும் மகனுக்கும் அந்த வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரியும். முதலில் இஸக்வா அருகே உள்ள டுதி ஹில் பூங்காவில் நாலைந்து முறை பழகிவிட்டு, பிறகு டைகர் மலையின் கிழக்குப் பக்கப் பாதைகளுக்குப் போங்கள்.

அங்கே தேடுவதற்கு ஒரே ஒரு கண்டிப்பான விதி உண்டு. இறக்கப் பாதையின் நடுவிலோ வளைவுக்குப் பின்னாலோ ஒருபோதும் நிற்கக் கூடாது, மேலிருந்து வருகிறவருக்கு நீங்கள் இருப்பது தெரியாது. பெட்டியின் இடத்தைத் தாண்டிப் போய்விட்டாலும் பரவாயில்லை, அகலமான இடத்தில் நிறுத்தி, வண்டியோடு பாதையைவிட்டு முழுவதுமாக விலகி, நடந்து திரும்பி வாருங்கள். வண்டியைக் கீழே படுக்க வைக்கும்போது சங்கிலி இருக்கும் பக்கம் மேலே இருக்கட்டும். நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். குதிரை வந்தால் சரிவின் கீழ்ப்பக்கம் இறங்கி நின்று, ஏதாவது பேசுங்கள். பேசுவது மனிதன் என்று தெரிந்தால் அது மிரளாது.

பாதையை விட்டு விலகும்போது முழுக்காற்சட்டை அணிந்திருந்தால் பிழைத்தீர்கள். காஞ்சொறியும், டெவில்ஸ் கிளப் என்கிற முட்புதரும் ஈரமான பள்ளங்களில் தாராளமாக இருக்கின்றன. நம் ஊர்க் காஞ்சொறிக்கு இது சற்றும் இளைத்ததல்ல.

நெடுஞ்சாலைக்கு வடக்கே ஆல்பைன் லேக்ஸ் என்ற பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிக்குள்ளும் பெட்டிகள் இருப்பதை வரைபடம் காட்டும். அங்கே சைக்கிளோடு போகவே கூடாது. 1964-ஆம் ஆண்டின் வனச் சட்டப்படி அத்தகைய பகுதிகளில் இயந்திரமில்லாத சைக்கிளுக்கும் தடை உண்டு. வாசலிலேயே பூட்டி வைத்துவிட்டு நடந்து போகலாம்.

மலைச்சிங்கம் பற்றி: பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2018 மே மாதம் நார்த் பெண்ட் அருகே சைக்கிளில் போன இருவரை ஒரு மலைச்சிங்கம் தாக்கியதில் ஒருவர் இறந்துவிட்டார். 2024 பிப்ரவரியில் ஃபால் சிட்டி அருகே சைக்கிள் ஓட்டிய பெண்கள் குழு ஒன்றைத் தாக்கிய மலைச்சிங்கத்தை, அதே பெண்கள் சைக்கிளை மேலே போட்டு அழுத்திப் பிடித்து அதிகாரி வரும்வரை அடக்கி வைத்திருந்தார்கள். இத்தகைய நிகழ்ச்சிகள் மிக மிக அரிது. ஆனாலும் மூன்று பழக்கங்கள் வேண்டும். மகனை முன்னால் தனியாக விடாதீர்கள். எதிர்ப்பட்டால் முதுகைக் காட்டி ஓடவோ ஓட்டவோ கூடாது, ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. சைக்கிளை நடுவில் நிறுத்தி, உருவத்தைப் பெரிதாக்கி, கண்ணைப் பார்த்துக் கத்திக்கொண்டே மெல்லப் பின்வாங்குங்கள். தாக்கினால் திருப்பி அடிக்க வேண்டும். கரடிக்கான மிளகாய்த் தெளிப்பான் இதற்கும் உதவும், ஆனால் அது பையின் அடியில் இல்லாமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

பதில்: செடார்_நிழல்

பின்சக்கரம் தம்பிக்கு யானையை முன்னிறுத்தாமல் பேச வராது. ஒற்றையடிப் பாதையின் சுகம் எனக்கும் தெரியும், ஆனால் அங்கே கண் பாதையிலும் மனம் பெட்டியிலும் இருந்தால் முழங்கை தரையில் இருக்கும். ஓட்டத்தையும் தேடலையும் ஒன்றாகக் கற்றுக்கொள்ளும் பையனுக்கு முதல் பயணம் அகலமான பாதையில் அமைவதே நல்லது என்பதில் நான் மாறவில்லை. டைகர் மலை எங்கேயும் போய்விடாது.

அவர் சொல்ல விட்ட ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஒரு பெட்டிக்கும் அடுத்த பெட்டிக்கும் குறைந்தது 161 மீட்டர் இடைவெளி வேண்டும், மண்ணில் தோண்டிப் புதைக்கக் கூடாது, நிலத்துக்கு உரியவரின் அனுமதி வேண்டும் என்பவை வைப்பவருக்கான விதிகள். தேடுகிறவருக்கு எழுதப்படாத விதி ஒன்று உண்டு. பாதையிலிருந்து பெட்டிக்கு நேர்கோட்டில் பெரணிகளை மிதித்துக்கொண்டு போகாதீர்கள். நூறு பேர் அப்படிப் போனால் அங்கே ஒரு புதிய பாதை உண்டாகி, மழையில் மண் அரித்துப் போவதுடன், பெட்டி இருக்கும் இடத்தையும் ஊருக்கே காட்டிக்கொடுத்துவிடும். இருபது மீட்டருக்குள் நெருங்கும்வரை பாதையிலேயே போய், ஏற்கெனவே வெறுமையாக உள்ள தரை வழியாக உள்ளே நுழையுங்கள். பெட்டி பாறை இடுக்கிலோ மரப்பொந்திலோ இருந்தால் வெறுங்கையை விடும் முன் ஒரு குச்சியால் துழாவிப் பாருங்கள், குளவிகள் குடியிருக்கும்.

கேட்டவர்: கயல்_சமாமிஷ்

அனைவருக்கும் நன்றி. சென்ற சனிக்கிழமை போய்வந்தோம்.

ஹையாக்கில் புறப்பட்டு ஏரிக்கரை வரை இறங்கினோம். கணவர் காரை ஓட்டிவந்தார். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் மகன் தன் மழைச்சட்டையைக் காரிலேயே விட்டுவிட்டது தெரிந்தது. என்னுடையதைக் கொடுத்துவிட்டு நான் மறுமுனை வரை நடுங்கிக்கொண்டே ஓட்டினேன். எதிரில் கைபேசி வெளிச்சத்தை மட்டும் நம்பி வந்த ஒரு குடும்பத்தை மிக அருகில் வந்த பிறகுதான் பார்க்க முடிந்தது. முன்விளக்கு விஷயத்தில் செடார்_நிழல் ஐயா சொன்னதை இன்னும் உரக்கச் சொல்லியிருக்கலாம்.

ஏழு பெட்டிகளைக் குறித்துக்கொண்டு போனோம், ஐந்து கிடைத்தன. அந்தப் புகழ்பெற்ற பெட்டிக்கு நடந்து ஏறும்போது பாதி வழியில் அம்புக்குறி பின்னால் திரும்பச் சொன்னது. நிலக்கோடு ஐயா எழுதியது நினைவுக்கு வந்து கைபேசியை மகனின் கையிலிருந்து வாங்கிப் பைக்குள் போட்டேன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே அவன் கண்டுபிடித்துவிட்டான். ஏட்டில் இருவரும் தமிழிலேயே பெயர் எழுதினோம். கிடைக்காத இரண்டில் ஒன்றுக்கு முப்பது நிமிடங்கள் செலவழித்தது என் பிடிவாதம். பத்து நிமிடத்தில் விட்டிருந்தால் பாலத்தில் நிதானமாகச் சாப்பிட்டிருக்கலாம், புளிச்சோற்றை அவசரமாக விழுங்க வேண்டியிருந்தது. மலைச்சிங்கம் எதுவும் தென்படவில்லை. தெளிப்பான் கைப்பிடியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, மாமியாருக்கு அதன் படத்தையும் அனுப்பிவிட்டேன்.

ஒன்றை மட்டும் இங்கே எழுதாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. எஞ்சியுள்ள மற்றொரு பெட்டி பிரேசிலில் இருக்கிறது என்ற வரியை மகன் படித்துவிட்டான். நேற்றிலிருந்து விமானக் கட்டணம் பார்த்துக்கொண்டிருக்கிறான்.